கண்டி வீதியும் வடக்கு வீதியும்: இலங்கை வீதியமைப்பு வரலாற்றில் உழைப்பின் இடம்

இலங்கையின் வீதிகளைப் பற்றி எழுந்த நூல்களுட் பெரும்பாலானவை அவற்றை அமைப்பித்த தேசாதிபதிகளின் ஊக்கத்தையும், அவற்றை வகுத்த படைத்துறைப் பொறியியலாளரின் திறமையையும் விதந்து கூறுவன. பொறியியற் பீட மாணவர் கையிலுள்ள அறிமுக நூல்களோ வேறு வகையின. அவற்றில் வீதி என்பது சாய்வு, வளைவு, மேற்றளம், வடிகால் என்பவற்றின் கூட்டாகவே தோன்றும். முதல்வகை நூல்களில் மனிதர் சிலரே உளர். இரண்டாம் வகையில் மனிதரே இலர். ஒரு வீதி ஏன் அத்திசையில், அந்த அகலத்தில், அக்காலத்தில் அமைந்தது, அதற்காக யாருடைய முதுகு வளைந்தது என்ற வினாக்கள் இருவகை நூல்களிலும் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களை முன்வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டில் இருந்த இரு வீதிகளை நாம் இங்கு ஒப்புநோக்க முனைகின்றோம். ஒன்று கொழும்பிலிருந்து கண்டி செல்லும் 72 மைல் நீளமான பெருவீதி. மற்றது மன்னார்க் கரையிலிருந்து காட்டினூடாக மாத்தளைக்குச் சென்ற, அக்காலத்தில் வடக்கு வீதி எனப்பட்ட பாதை. முன்னது கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கியது. பின்னது அக்கோப்பியைப் பறிக்கும் கைகளை மலைக்கு ஏற்றியது. இரண்டும் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள். ஆயினும் அவற்றின் தரத்தில் இருந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போன்றது.

கண்டி இராச்சியத்தின் பாதுகாப்பு அதன் கோட்டைகளிலே தங்கியிருக்கவில்லை. காடும் கணவாயும், ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளுமே அதன் அரண்கள். பாதைகளை அகலப்படுத்தாது விடுதல் கண்டி மன்னரின் போர்க் கொள்கையாகவே இருந்தது. கடவத்தைகளில் முட்படலைகள் இடப்பட்டு வருவோரும் போவோரும் சோதிக்கப்பட்டனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இக்காடுகளில் படைகளை இழந்தமையும், 1803இல் கண்டிக்குட் புகுந்த பிரித்தானியப் படை அழிவுற்றமையும் யாவரும் அறிந்தவை. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது படைபலத்தினால் மட்டுமன்று. பிரதானிகளிடையே தோன்றிய பிளவே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. பின்னர் 1817-18இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதற்குப் புதிய ஆட்சியாளர் பட்ட பாடு அவர்களுக்கு ஒன்றை உணர்த்தியது. படை விரைந்து செல்வதற்கு வழி இல்லையேல் மலைநாட்டைக் கைப்பற்றலாம், வைத்திருக்க இயலாது. ஆகவே கண்டி வீதியைத் திட்டமிட்டோரின் உள்ளத்தில் முதலில் இருந்தவை வண்டிகளல்ல, பீரங்கிகளே. வீதிக்கும் படைக்கும் உள்ள இத்தொடர்பு பழங்கதை அன்று என்பதை, 1990இல் மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்ட யாழ்ப்பாணம்-கண்டி வீதியைக் கண்டோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எட்வேட் பார்ண்ஸ் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1820இல், கண்டி வீதி வேலை தொடங்கிற்று. கடுகண்ணாவைக் கணவாயே அதன் கடினமான பகுதி. அதனை வகுத்தவர் கப்டன் டோசன் என்னும் படைத்துறைப் பொறியியலாளர். 1829இல் அவர் இறந்தபின், கணவாயின் உச்சியில் அவர் நினைவாக எழுப்பப்பட்ட தூபி இன்றும் நிற்கின்றது. மலையைத் துளைப்பவனே கண்டியை ஆள்வான் என்றொரு பழங்கூற்று வழங்கியதாகவும், கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்து வீதி செலுத்தப்பட்டமை அதனை மெய்ப்பித்ததாகவும் ஆங்கில நூலாசிரியர் மகிழ்ந்து எழுதுவர். இக்கதை எப்பொழுது, எவரால், எவர் நலன் கருதிப் பரப்பப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

கணவாயில் வீதி ஏன் வளைந்து வளைந்து செல்கின்றது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். நேராக ஏறினால் தூரம் குறையும். ஆனால் மாடு ஏறாது. ஒரு தொன் பாரத்தை இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் ஏற்றுவதாயின், சமதரையில் வேண்டும் இழுவிசைக்கு மேலதிகமாக ஓர் அந்தர், அதாவது 112 இறாத்தல் இழுவிசை வேண்டும். சாய்வு பத்துக்கு ஒன்றாயின் இம்மேலதிகம் இரண்டு அந்தராகும். இரண்டு மாடுகள் மணிக்கணக்காகத் தொடர்ந்து இழுக்கக்கூடிய விசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையே சாய்வைத் தீர்மானிக்கின்றது. சாய்வு வீதியின் நீளத்தைத் தீர்மானிக்கின்றது. நீளம் வெட்ட வேண்டிய மண்ணின் அளவைத் தீர்மானிக்கின்றது. மாட்டின் வலு இவ்வாறு கணக்கில் எடுக்கப்பட்டது. மண்வெட்டியவனின் வலுவுக்கு அத்தகைய கணக்கு இருக்கவில்லை. ஏனெனில் அவனுக்குக் கூலி இல்லை.

கண்டி வீதியை அமைத்த உழைப்பு பெரும்பாலும் இராசகாரிய உழைப்பு. பின்னாளில் வீதி ஆணையாளராகிப் பெயர்பெற்ற தோமஸ் ஸ்கின்னர், 1820இல், பதினாறு வயது இளைஞராக, முன்பயிற்சி எதுவுமற்ற கண்டிக் கிராமவாசிகளைக் கொண்டே வீதி வேலையைக் கற்றுக்கொண்டார். பிரதானிகள் மூலம் திரட்டப்பட்ட இக்கிராமவாசிகள் தத்தம் வயலை விட்டு வந்தவர்கள். பண்டைய இராசகாரிய முறையை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அது சாதியையும் நிலமானிய அதிகாரத்தையும் தூண்களாகக் கொண்ட முறை. எனினும் அதில் உழைப்புக்கு ஈடாக நிலவுரிமை இருந்தது. குளம் வெட்டியவனின் வயலுக்கு அக்குளத்து நீர் பாய்ந்தது. பிரித்தானியர் இம்முறையின் கட்டாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பயனை வேறு திசைக்குத் திருப்பினர். வீதி வெட்டிய கண்டிக் குடியானவனிடம் அவ்வீதியிலே ஓட்டுவதற்கு வண்டி இருக்கவில்லை.

கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. இதனை மனிதாபிமானச் சீர்திருத்தமாக மட்டும் கொள்வது முழுமையான விளக்கமாகாது. நிலத்தோடும் பிரதானியோடும் பிணைக்கப்பட்ட உழைப்பை விடுவித்து, கூலிக்கு விற்கப்படும் உழைப்பாக மாற்றுதல் புதிய பொருளாதாரத்தின் தேவை. அப்பொருளாதாரத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பேராதனையில் மகாவலிக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி பார்ண்ஸ் தாமே கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். அத்தோட்டத்துக்கு அண்மையில், அவர் நாட்டைவிட்டு நீங்கியபின், முதிரை மரத்தாலான புகழ்பெற்ற பாலம் அமைந்தது. பிரேசர் என்னும் படையதிகாரி வகுத்த அப்பாலம் 205 அடி அகலத்தை ஒரே வில்லாகத் தாண்டி நின்றது. 1905இல் அது மாற்றப்படும் வரை மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் அதன்மேற் சென்றன.

இராசகாரியம் ஒழிந்தபின் அரசாங்கம் எதிர்நோக்கிய இடர்ப்பாட்டைப் புரிந்துகொள்ள, அக்கால வீதி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிதல் அவசியம். ஸ்கொத்லாந்தினரான மக்கடம் வகுத்த முறை அக்காலத்திற் பரவிவந்தது. பாரத்தைத் தாங்குவது உண்மையில் அடித்தரையே. அத்தரை உலர்ந்திருக்கும் வரை எப்பாரத்தையும் தாங்கும். எனவே கல்லின் வேலை நீரைத் தடுப்பது என்பதே அவர் கொள்கை. சிறிதாக உடைக்கப்பட்ட கல், ஒன்றோடொன்று இறுகி, கூரைபோல நீரை ஓரங்களுக்கு வடியவிட வேண்டும். எளிய முறைதான். ஆனால் இம்முறைக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று மழை, மற்றது இரும்புப் பட்டையிட்ட ஒடுங்கிய வண்டிச் சில்லு. மலைநாட்டின் பருவமழையில், நூற்றுக்கணக்கான வண்டில்கள் ஒரே தடத்திற் செல்லும்போது கல் அரைபட்டுச் சேறாகும்; தடம் பள்ளமாகும்; பள்ளத்தில் நீர் தங்கி அடித்தரையை அடையும். அதன்பின் வீதி ஒரு பருவத்துக்கேனும் நிலைக்காது. கோப்பி முற்றி இறக்கும் காலத்திற் கண்டியிலிருந்து கொழும்பை அடைய வண்டில்களுக்கு வாரக்கணக்கில் எடுத்தமையும், மாடுகள் வழியில் வீழ்ந்தமையும் தோட்ட உரிமையாளரின் ஓயாத முறைப்பாடுகள்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மக்கடம் வீதி ஒருமுறை போட்டு முடிக்கும் பொருளன்று. ஆண்டுதோறும் கல் உடைத்து, பரப்பி, மதகு துப்புரவாக்கி, ஓரவாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். மாணவர் நூல்களிற் 'பராமரிப்பு' என்ற ஓர் அத்தியாயத்தில் அடங்கிவிடும் இவ்விடயம், குடியேற்ற நாட்டு அரசாங்கத்துக்கு முடிவற்ற ஓர் உழைப்புப் பிரச்சினையாக நின்றது. கட்டாய உழைப்பை 1832இல் இழந்த அரசாங்கம் பயனியர் படை என்ற பெயரில் தென்னிந்தியத் தொழிலாளரையும் பிறரையும் வைத்து வேலை வாங்கிற்று. ஆயினும் அது போதவில்லை. 1840களிற் கோப்பித் தோட்டங்கள் காட்டுத்தீ போலப் பரவின. வீதி கேட்டோர் வரி கொடுக்க விரும்பினாரல்லர். 1847இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியிற் கோப்பி விலை வீழ்ந்தபோது, அரசாங்கத்தின் திறைசேரியும் அதனோடு தளர்ந்தது.

இந்நிலையில் தேசாதிபதி தொறிங்டன் 1848இல் வீதிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், சட்டம் ஒரு மனிதனின் ஒரு நாளை ஆறு பென்சாக மதித்தமை புலனாகும். தோட்டத் துரைக்கும் மாத்தளைக் குடியானவனுக்கும் ஒரே மூன்று சிலிங். எல்லாரையும் ஒன்றாக நடத்துவதால் இது நீதியான சட்டம் என்று அதனைப் புகழ்ந்தோரும் உண்டு! நெல்லும் சேனைப்பயிரும் விளைவித்து உண்டு, பணத்தை அரிதாகவே கண்ட கிராமவாசிக்கு மூன்று சிலிங் என்பது உழைத்தே தீர வேண்டும் என்பதன் மறுபெயர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட இராசகாரியம், நிலவுரிமை என்ற ஈடும் இன்றி மீண்டும் வந்ததாகவே அவன் இதனைக் கண்டான். பௌத்த பிக்குகளுக்கும் இவ்வுழைப்பு விதிக்கப்பட்டமை கோபத்தைப் பெருக்கிற்று. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் அதே ஆண்டில் வரிகள் விதிக்கப்பட்டன.

யூலை மாதம் கொழும்பில், 'ஒப்சேவர்' பத்திரிகை ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் முதலானோர் வரிகளை எதிர்த்துக் குரல் எழுப்பினர். மலைநாட்டில் அக்குரல் கிளர்ச்சியாயிற்று. தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சியாளர் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டிடங்களைத் தாக்கினர். இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். கிளர்ச்சியை அடக்க வந்த படை விரைவாக வந்து சேர்ந்தமைக்குக் காரணம், முப்பது ஆண்டுகளுக்கு முன் இல்லாதிருந்த வீதி. 1820களில் இராசகாரியத்தினால் அமைக்கப்பட்ட வீதி, 1848இல் வீதி உழைப்பை மறுத்தோரை அடக்கப் பயன்பட்டது. தொறிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். பிக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டமோ நிலைத்தது. பல தசாப்தங்களாக இலங்கை வீதிகளின் பெரும்பகுதி இவ்வாறு உழைப்பாகவோ பணமாகவோ பெறப்பட்ட தலைவரியினாற் பேணப்பட்டது. 1920களின் முற்பகுதியில் ஏ. ஈ. குணசிங்க இவ்வரியைச் செலுத்த மறுத்து, பகிரங்கமாகக் கல்லுடைக்கும் தண்டனையை விரும்பி ஏற்றமை தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி. அதன் பின்னரே இவ்வரி வழக்கொழிந்தது.

இனி மற்றைய வீதிக்கு வருவோம்.

கண்டிக் குடியானவன் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர மறுத்தமையினாலே, கோப்பிப் பறிப்புக் காலத்தில் தென்னிந்தியாவின் இராமநாதபுரம், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் வந்தனர். சிறு தோணிகளில் மன்னார்க் கரையிலோ அரிப்பிலோ இறங்கிய அவர்கள், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கங்காணியின் பின்னே கால்நடையாகக் கடந்தனர். வழியிற் பெரும்பகுதி குடிகளற்ற வறண்ட காடு. பாழடைந்த குளங்களின் கலங்கிய நீரே குடிநீர். மலேரியாவும் வாந்திபேதியும் வழியெங்கும் காத்திருந்தன. நோயுற்று விழுந்தோரைத் தூக்கிச் செல்ல ஆளின்றி, உடன்வந்தோர் அவ்விடத்திலேயே விட்டு நடந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறும். 1840களில் இலங்கையில் இறந்த இத்தொழிலாளரின் தொகை எழுபதாயிரம் என்று 1849இற் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதிற்று. இத்தொகை சரியானதா, மிகைப்பட்டதா என்று வரலாற்றாசிரியர் வாதிடுகின்றனர். வாதிடுவதற்கு இடம் ஏற்பட்டதன் காரணம் இங்கு மனங்கொளத்தக்கது. துறைமுகத்தை விட்டு நீங்கிய கோப்பி அந்தர் கணக்கிற் பதியப்பட்டது. காட்டில் வீழ்ந்த மனிதர் பதியப்படவில்லை.

போக்குவரத்துப் பொறியியலின் முதற்பாடம் கணிப்பு. ஒரு வீதியில் நாளொன்றுக்கு எத்தனை ஊர்திகள், எவ்வளவு பாரத்துடன் செல்கின்றன என்று எண்ணி, அதற்கேற்ப அகலமும் தடிப்பும் தீர்மானிக்கப்படும். கால்நடையாகச் செல்பவன் மேற்றளத்தைத் தேய்ப்பதில்லை. ஆதலின் தடிப்பைக் கணக்கிடுவோருக்கு அவன் ஒரு பொருட்டல்லன். இது பொறியியல் முறையில் முற்றிலும் சரியானது. வடக்கு வீதிக்கு அதனைப் பொருத்திப் பார்த்தால் அதன் விளைவு புலனாகும். அவ்வீதிக்கு வேண்டியிருந்தவை கருங்கல்லும் பாலமும் அல்ல. கிணறும் மடமும் வைத்தியசாலையும். அவை நோய் தோட்டங்கள் வரை வந்து பரவிய பின்னர், மெல்ல மெல்லவே வந்தன. கண்டி வீதியிற் சேதமடைந்த கோப்பி உரிமையாளனின் நட்டம். வடக்கு வீதியில் இறந்த மனிதன் எவருடைய கணக்கிலும் நட்டமல்லன். கங்காணியிடம் அவன் பெற்ற முற்பணமோ, சில வேளை உடன்வந்த உறவினரின் கடனாக மாறியது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நாம் நோக்குதல் தகும். வீதிகள் பழைய நிலமானியத் தனிமையை உடைத்தனவல்லவா? உடைத்தன. 1853இல் இந்தியாவின் புகையிரதப் பாதைகளைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், மலிவான மூலப்பொருளை நாடியே முதலாளிகள் அவற்றை அமைப்பினும், அவை நவீன கைத்தொழிலுக்கு முன்னோடியாகும் என எதிர்பார்த்தார். இலங்கையிலும் கண்டி வீதி கிராமத்துக் கோப்பியைச் சந்தைக்குக் கொண்டுசென்றது. தவளமாட்டு வணிகம் தளர்ந்து வண்டில் வணிகம் எழுந்தது. வண்டிலுக்கும் ஆயக் குத்தகைக்கும் முதலிட்ட கரையோரச் சிங்களவரிடமிருந்து உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி தோன்றிற்று. ஆனால் எதிர்பார்த்த கைத்தொழில் வரவில்லை. வலையமைப்பின் வடிவமே அதற்குச் சான்று. தோட்டத்திலிருந்து கண்டிக்கும், கண்டியிலிருந்து கொழும்புக்கும் கிளைகள் ஓடின. ஒரு மலைக்கிராமத்தை அடுத்த கிராமத்தோடு இணைக்கும் வீதிகள் அரிதாயின. 1867இற் புகையிரதம் கண்டியை எட்டியபோதும் இவ்வடிவம் மாறவில்லை. வீதிகள் புகையிரத நிலையங்களை நோக்கித் திரும்பின, அவ்வளவே. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபோதும் வீதிகள் இடம் மாறவில்லை. வடக்கு வீதியின் கால்நடை யாத்திரை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நின்றது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தபின், மக்கள் பெட்டிகளில் ஏற்றப்பட்டு மலைக்குச் சென்றனர்.

1848ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு சிறு விலக்கு இதுகாறும் போதிய கவனம் பெறவில்லை. அரசாங்கத்தின் தலைவரான தேசாதிபதி வீதி உழைப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவரோடு தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரும் விலக்கப்பட்டனர். தேசாதிபதிக்கு அளித்தது மரியாதை. தொழிலாளருக்கு அளித்தது சலுகைபோலத் தோன்றினும், அதன் பொருள் வேறு. அவர்கள் உழைப்பில் ஆறு நாளைத் தோட்டம் இழக்கக்கூடாது என்பது ஒன்று. அவர்கள் இந்நாட்டுக் குடிகளல்லர், வழிப்போக்கர் என்பது மற்றொன்று. வீதிக்கு வரி கொடாதவனுக்கு வீதி கேட்கும் உரிமையும் இல்லையாயிற்று. சரியாக நூறாண்டு கழித்து, 1948இல், குடியுரிமைச் சட்டம் அதே மக்களின் வழித்தோன்றல்களை நாடற்றோராக்கிற்று. இரண்டு சட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை. ஆனால் தோட்டம் என்பது ஊராட்சிக்கு அப்பாற்பட்ட தனியுலகம் என்ற எண்ணம் இரண்டிலும் ஓடுகின்றது. அவ்வெண்ணம் வீதிகளில் நீண்டகாலம் வாழ்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபை நிதியைத் தோட்டங்களுக்குட் செலவிடத் தடையாக இருந்தது. குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்று, பிரதேச சபைக்கு உறுப்பினரையும் தெரிவுசெய்த தொழிலாளர், தம் லயன்களுக்குச் செல்லும் பாதையைத் திருத்த அச்சபையைக் கேட்க இயலாதிருந்தனர். கர்ப்பிணிகளையும் நோயாளரையும் தேயிலை ஏற்றும் லொறியிலோ தோளிலோ பெருவீதிவரை கொண்டுசெல்லும் நிலை பல தோட்டங்களில் நீடித்தது.

அத்தடையை நீக்கும் திருத்தம் 2018இல் நிறைவேறிற்று. நிலம் அரசினுடையதாகவும், 1992 முதல் நிருவாகம் கம்பனிகளுடையதாகவும், அதில் வாழ்வோர் சபையின் வாக்காளராகவும் இருக்கும் அவ்விடங்களில், தொழிற்சாலையிலிருந்து பெருவீதிக்குச் செல்லும் வழி மட்டும் கோப்பிக் காலத்துச் சாய்வுடன், அன்று மாட்டின் வலுவுக்கு ஏற்ப வெட்டப்பட்ட வளைவுகளுடன், இன்றும் பயன்பாட்டில் உள்ளது. லயன்களிலிருந்து அவ்வழிக்கு இறங்கும் படிகள் எந்த வரைபடத்திலும் வீதியாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை.